தேரடிக்குப் பக்கத்தில் ஒரு ஹெரால்டு

கார் நாலு விரல் உயரம் எழும்பியிருக்கும். "இறக்கு, இறக்கு" என்று மேஸ்திரி கை காட்டினார். ஜாக்கியின் கைப்பிடியை வைத்திருந்த பையன் அதை மெல்லத் திருகினான். முன்பக்கம் தணிந்து பழையபடி டயரில் உட்கார்ந்தது. என் கண்ணுக்கு எந்தக் கோளாறும் படவில்லை. மேஸ்திரி குனிந்து, ட்ராலி ஜாக்கியின் முன்சக்கரத்தடியில் விரலை வைத்தார். சிமென்ட் தரையில் மயிரிழை போல ஒரு விரிசல், கோடு போட்டாற்போல் நேராக ஓடி ஒரு மூலையில் திரும்பியது.

"இது தறிக்குழி சார்."

சின்ன காஞ்சிபுரத்தில், காந்தி சாலைத் தேரடியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய சந்து ஒன்றில் இருக்கிறது இந்தப் பட்டறை. முன்பு தறிக்கூடமாக இருந்த நீளக் கொட்டகை. இந்த ஊரில் வழிவழியாக வந்த பட்டுத்தறி குழித்தறிதான். நெசவாளி தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை அழுத்துவார். தறியைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் குழியில் மண்ணையும் செங்கல் உடைசலையும் கொட்டி மேலே சிமென்ட் பூசிவிட்டார்கள். ஆள் நடந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு காரின் முன்பாதி எடை, இந்தக் காருக்கு ஏறக்குறைய 400 கிலோ, ஜாக்கியின் சின்ன இரும்புச் சக்கரங்கள் வழியாக அதே இடத்தில் இறங்கினால் பூச்சு உடைந்து சக்கரம் புதைந்துவிடும்.

"புதைஞ்சா என்னண்ணே, ஒரு அங்குலம்தானே?" என்று கேட்டேன்.

பதில் சொல்லாமல் ஜாக்கியை வெளியே இழுத்து, எடை ஏதும் இல்லாமல் பம்ப் அடித்துக் காட்டினார். அதன் தலை நேராக மேலே போவதில்லை. கை பின்னாலிருந்து வில்போல் எழுவதால், உயர உயரத் தலை கைப்பிடிப் பக்கமாகப் பின்வாங்குகிறது. காருக்கு அடியில் இருக்கும்போது தலை பின்வாங்க முடியாது. அதற்கு ஈடாக ஜாக்கிதான் தன் சக்கரங்களில் உருண்டு முன்னே போக வேண்டும். ஜாக்கிக்குச் சக்கரம் வைத்ததே இதற்காகத்தான், தள்ளிக்கொண்டு போவதற்காக மட்டும் அல்ல. சக்கரம் குழியில் சிக்கிக்கொண்டால் ஜாக்கி உருளாது. அப்போது கார் நகர வேண்டும். கார் நகராதபடி முட்டுக் கொடுத்திருந்தால் தலை வழுக்க வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் கீழே இருப்பவனுக்கு ஆபத்து. மண் தரையிலும் சரளையிலும் ட்ராலி ஜாக்கி கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே.

தடித்த இரும்புத் தகடு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் போட்டால் என்ன என்றேன். "ரோட்டுல மாட்டிக்கிட்டா போடலாம். இங்கதான் நல்ல தரை இருக்குதே" என்று சொல்லி, காரையே நாலடி பின்னால் தள்ளச் சொன்னார். நானும் ஒரு கை கொடுத்தேன்.

கார், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3. நாலு கதவு, வெளிறிப்போன நீலம். இங்கிலாந்தில் கவென்ட்ரியில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வாரிசு. வடிவமைத்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலாட்டி. இங்கே 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், தாம்பரத்தைத் தாண்டிப் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கத்து ஆலையில் செய்தது. அம்பாசடருக்குக் கல்கத்தா, ஃபியட்டுக்குப் பம்பாய் என்றிருந்த நாளில் மதராஸுக்கென்று இருந்த கார் இது. ஹெரால்டுக்குப் பிறகு 1972-இல் கெஸல் வந்தது. அதுவும் 1977-ஓடு போயிற்று. இன்று ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார்கள் வரிசையாக இறங்குவதைப் பார்க்கிறவர்களில் பலருக்கு, இந்தப் பக்கம் முதலில் கார் செய்தவர்கள் ஹூண்டாய்க்காரர்கள் என்றே நினைப்பு.

காரின் சொந்தக்காரர் பட்டு ஜவுளி வியாபாரி. 50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் மத்திய அரசு தனிப் பதிவு விதி கொண்டுவந்தது; புதிதாகப் பதிகிற பழைய வண்டிக்கு 'விஏ' எழுத்துகளோடு எண் தருகிறார்கள். அதற்கு வண்டி பழைய உருவிலேயே இருக்க வேண்டும். சேசிஸையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அப்பா வாங்கிய கார் அந்தத் தகுதியோடு இருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், பிரேக்கையும் முடித்துத் தர வேண்டும். அதுதான் வேலை. அடியில் படுக்க வேண்டும் என்பதால்தான் தூக்குவதில் இத்தனை பாடு. டயர் மாற்ற மட்டும் என்றால் யாரும் இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். கார் கம்பெனிக்காரர் டிக்கியில் வைத்துக் கொடுக்கிற ஜாக்கியும் டயர் மாற்ற மட்டுமே.

இடம் மாற்றியதும் முதலில் எடுத்து வந்தவை ஜாக்கி அல்ல, முட்டுக்கட்டைகள். ஆப்பு வடிவில் இழைத்த கெட்டி மரம். ஒவ்வொன்றுக்கும் இழுத்துக்கொள்ளக் கயிறு. முன்பக்கம் தூக்கப் போவதால் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைத்தார்கள். ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். முன்னைத் தூக்கும்போது ஹேண்ட்பிரேக் உதவும். பின்னைத் தூக்கும்போதுதான் சிக்கல்: இந்தக் காரிலும் அம்பாசடரிலும் ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும், கியரில் விட்டாலும் பிடிமானம் பின்சக்கரத்துக்குத்தான். அந்தச் சக்கரங்கள் அந்தரத்துக்குப் போன பிறகு, தரையில் இருக்கும் முன்சக்கரங்களைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஹேண்ட்பிரேக்கை நம்பிப் பின்னைத் தூக்கியவர்கள் கதை ஒவ்வொரு பட்டறையிலும் ஒன்று இருக்கும். இங்கேயும் இருந்தது, அதை எழுதப் போவதில்லை.

முட்டுக்கட்டைக்கு இந்த ஊரில் விளக்கம் தேவையில்லை. வைகாசி பிரம்மோற்சவத்தின் ஏழாம் நாள் வரதராஜப் பெருமாள் தேர் இங்கே பக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது. வடத்தை இழுக்க ஊரே கூடும். ஆனால் அத்தனை பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும், சக்கரத்துக்குக் கிட்டத்திலேயே நடந்துகொண்டு கட்டை போடுகிற சிலர் கையில் இருக்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகும், முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாமல் அது ஓடுவதில்லை. மேஸ்திரி இளம்வயதில் ஒரு தேருக்குச் சக்கரம் மாற்றுவதை நாள் முழுக்க நின்று பார்த்திருக்கிறார். "ஜாக்கி ஒரு அங்குலம் ஏத்தும். உடனே அடியில ஒரு பலகை சொருகுவாங்க. மறுபடி ஒரு அங்குலம், மறுபடி ஒரு பலகை. எந்த நேரத்துல ஜாக்கி காலை வாரினாலும் தேர் ஒரு அங்குலத்துக்கு மேல எறங்காது." இந்தப் பட்டறையில் நான் கேட்ட பாடமெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு பேச்சில் அடங்கிவிடும்.

வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்தினார்கள். மேலே தூக்கிவிட்டு ஸ்பேனரில் ஏறி மிதித்தால், அந்த உதை முழுவதும் காரைப் பக்கவாட்டில் அசைக்கும்.

அடுத்தது எங்கே ஜாக்கி கொடுப்பது. ஹெரால்டின் கட்டுமானம் அந்தக் காலத்துக்கே வித்தியாசமானது. மற்ற கம்பெனிகள் உடலும் சேசிஸும் ஒன்றாக அமைந்த கார்களுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, முழு உடலையும் அடித்துக் கொடுக்க ஆள் கிடைக்காத ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப், தனி சேசிஸ் ஒன்றின்மேல் துண்டு துண்டான உடல் பாகங்களைப் போல்ட் போட்டுப் பூட்டியது. சேசிஸின் இரண்டு முதன்மைச் சட்டங்கள் காரின் நடுவோடு ஓடுகின்றன. அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு போய் உடலைத் தாங்குகின்றன. துரு முதலில் தின்பது இந்தக் கைகளைத்தான். கதவுக்குக் கீழே, கை எட்டுகிற இடத்தில் ஜாக்கி கொடுக்கிற பழக்கத்தில் இந்தக் காரைத் தூக்கினால், எடை போய் இறங்குவது அரித்துப்போன அந்தக் கைகளின்மேல்.

மேஸ்திரி தரையில் முதுகைச் சாய்த்து, தலையை மட்டும் காரின் ஓரத்துக்குள் விட்டு, சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். நடுச் சட்டத்தில் கணீரென்று கேட்டது. இடப்பக்கக் கையில் பொத்தென்று ஒரு சத்தம். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினார். கறுப்பு அண்டர்கோட்டிங் அப்பம்போலப் பெயர்ந்து, உள்ளே தகடு இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்புத் தூள் கொட்டியது. பளபளவென்று அண்டர்கோட் அடித்த பழைய காரைப் பார்த்தால் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது. துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால், ஈரம் உள்ளேயே தங்கி வேலையைத் தொடர்கிறது.

ஜாக்கி கடைசியில் முன்பக்க கிராஸ் மெம்பரின் நடுவே போயிற்று, தலைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை வைத்து. சேம்பர் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால் ஆயில் சேம்பர் நசுங்கும். கைப்பிடியைப் பையன் அடிக்க, மேஸ்திரி பக்கத்தில் குத்துக்காலிட்டு அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து அடிக்கு ஒருமுறை நிறுத்தச் சொன்னார்.

போதிய உயரம் வந்ததும் ஸ்டாண்டுகள் வந்தன. மூன்று காலோ நாலு காலோ உள்ள இரும்புக் கூடு, நடுவில் ஏறி இறங்கும் தண்டு. சந்தையில் இதில் இரண்டு ரகம் கிடைக்கிறது. ஒன்றில் தண்டுக்குப் பற்கள் இருக்கும், கொக்கி தானாக விழுந்து பிடிக்கும். மற்றதில் துளைகள் இருக்கும், கட்டை விரல் பருமன் கம்பியைக் குறுக்கே சொருக வேண்டும். இங்கே இருப்பவை கம்பி ரகம். பல் ரகம் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரெய்ட் கடைகள் விற்ற 3 டன், 6 டன் பல் ஸ்டாண்டுகள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அச்சு தேய்ந்ததால் பல்லும் கொக்கியும் சரியாகக் கவ்வாமல், எடையோடு இருக்கும்போதே இறங்கும் வாய்ப்பு இருந்தது. அவற்றுக்கு மாற்றாக வந்தவற்றில் ஒரு பகுதியும் வெல்டிங் கோளாறால் அதே ஆண்டில் திரும்பப் போயிற்று. குறுக்கே கம்பி போகிற ஸ்டாண்டில் சரிபார்க்க ஒன்றே ஒன்றுதான் உண்டு, அதுவும் கண்ணுக்குத் தெரியும்: கம்பி மறுபக்கம் எட்டிப் பார்க்கிறதா.

ஸ்டாண்டுகளை நடுச் சட்டங்களுக்குக் கீழே, முன் சஸ்பென்ஷன் பூட்டியிருக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தினார்கள். சுத்தி கணீரென்று சொன்ன இடம். பையன் ஜாக்கியை இழை இழையாகத் தளர்த்த, காரின் எடை ஸ்டாண்டில் இறங்கியது. ஒரு ஸ்டாண்டின் கால் லேசாகத் தூக்கி நின்றது. மறுபடி ஏற்றி, நகர்த்தி, மறுபடி இறக்கினார்கள். யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

ஜாக்கியிலேயே விட்டால் என்ன என்ற கேள்விக்கு விடை ஜாக்கியின் வயிற்றுக்குள் இருக்கிறது. சின்ன பிஸ்டன் ஆயிலைத் தள்ள, பெரிய பிஸ்டன் எடையைத் தூக்குகிறது. 1795-இல் ஜோசஃப் பிராமா காப்புரிமை வாங்கிய ஹைட்ராலிக் அழுத்தியின் அதே தத்துவம். தூக்கிய காரைத் தாங்கி நிற்பது அந்த ஆயிலும், அதை வெளியே விடாத ஒரு ரப்பர் சீலும், கைப்பிடியால் திறக்கிற ஒரு குட்டி வால்வும். சீல் காய்ந்தால் மெதுவாக இறங்கும், கிழிந்தால் ஒரேயடியாக இறங்கும். வால்வில் ஒரு தூசி மாட்டினால் போதும். நடந்து போகிற யாராவது நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியில் இடறினாலும் போதும். எத்தனை டன் என்று ஜாக்கியின் முதுகில் எழுதியிருப்பது தூக்கும் வலுவைத்தான் சொல்கிறது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது.

பிறகு மேஸ்திரி செய்ததைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நின்று, காரின் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றிப் பலமாக ஆட்டினார். முன்னும் பின்னும், பக்கவாட்டிலும். "விழணும்னா இப்பவே விழட்டும்" என்றார். ஸ்டாண்டில் நிற்கும் காரை அசைக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரத்தைப் போலச் சுற்றி நடந்துவிட்டு அடியில் போய்ப் படுக்கிறோம். உள்ளே போனபின் இறுகிய நட்டைக் கழற்ற ஸ்பேனரில் தொங்குகிறபோது கார் அசையத்தான் போகிறது. அந்த அசைவை ஆள் அடியில் இல்லாதபோதே கொடுத்துப் பார்த்துவிடுகிறார். கார் ஆடவில்லை. அதற்கப்புறமும் ஜாக்கியை வெளியே எடுக்காமல், கிராஸ் மெம்பரைத் தொட்டும் தொடாமலும் நிறுத்திவைத்தார்கள். கழற்றிய சக்கரங்களைக் காரின் ஓரத்தடியில் படுக்கவைத்தார்கள். எல்லாமே பொய்த்துப்போனாலும், ஒரு டயர் படுக்கும் உயரத்துக்கு மனிதனுக்கு இடம் மிஞ்சும்.

மூலையில் ஹாலோ பிளாக் கற்கள் அடுக்கியிருந்தன, மதில் கட்ட. அவற்றைச் சிலர் முட்டுக்கு வைப்பார்களே என்றேன். மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். சுவரில் பரவலாக எடை தாங்கும் கல், சேசிஸின் ஒரு முனை ஊன்றினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மரம் முறிவதற்கு முன் முனகும், நசுங்கும், ஆளை எச்சரிக்கும். செங்கல்லும் அந்த வகையில் நம்பத்தக்கது அல்ல. கருங்கல் நொறுங்காது, ஆனால் அதன்மேல் இரும்பு வழுக்கும். இந்த ஊரில் நல்ல கருங்கல்லுக்குப் பஞ்சமே இல்லை என்பதால் இதையும் கேட்டு வைத்தேன்.

மதியத்துக்குப் பிறகு பின்பக்கம். இப்போது முன்சக்கரங்களைக் கழற்றிய முன்பாதி ஸ்டாண்டில் நிற்பதால், அப்படியே பின்னையும் தூக்கக் கூடாது. ஒரு பக்கம் ஏற ஏற மறுபக்க ஸ்டாண்டுகள் சாயும். முன்வேலையை முடித்து, சக்கரத்தைப் பூட்டி, தரையில் இறக்கிய பிறகே பின்னுக்குப் போனார்கள். முட்டுக்கட்டைகள் முன்சக்கரங்களுக்கு மாறின. ஜாக்கி டிஃபரன்ஷியலின் அடியில், மறுபடி மரக்கட்டையோடு.

ஹெரால்டின் பின்பக்கம் தூக்குவதை முதல்முறை பார்க்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைப்பார்கள். இதன் டிஃபரன்ஷியல் சேசிஸோடு பூட்டியிருக்கிறது. அரை ஆக்சில்கள் அதிலிருந்து இரண்டு பக்கமும் இறக்கைபோல் மேலும் கீழும் ஆடும். குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். உடல் எழ எழ, சக்கரங்கள் தொங்கி, அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கிக்கொண்டே வந்தன. வளைவில் வேகமாகத் திரும்பினால் இதே மடங்கல்தான் அந்தக் காலத்து ஓட்டுநர்களைப் பயமுறுத்தியது. கெஸலில் இந்த அமைப்பை விட்டுவிட்டு ஒரே துண்டான ஆக்சிலுக்கு மாறியதில் வியப்பில்லை. ஸ்டாண்டு வைக்கிறவருக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஆடுகிற அரை ஆக்சிலின் கீழே ஸ்டாண்டு வைத்தால் அது மடங்கி நழுவும். டிஃபரன்ஷியலுக்கு முன்னால் போகும் சேசிஸ் சட்டங்களில்தான் வைக்க வேண்டும்.

பக்கத்திலேயே நின்ற வெள்ளை அம்பாசடருக்குக் கணக்கே வேறு. அதற்குத் தனி சேசிஸ் கிடையாது. பின்னால் ஒரே துண்டான கனத்த ஆக்சில், இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டைகள். அதில் ஆக்சில் குழாயின்மேல், பட்டை உட்காரும் இடத்துக்கு அருகில் ஸ்டாண்டு கொடுத்தால் பாறைபோல் நிற்கும். பட்டையையே கழற்ற வேண்டிய வேலை என்றால் அதுவும் செல்லாது. பட்டை போனபின் உடலுக்கும் ஆக்சிலுக்கும் தொடர்பே இல்லை, ஸ்டாண்டு உடலின் கெட்டியான இடத்துக்குப் போக வேண்டும். முன்னால் டார்ஷன் பார் இருக்கும் கார் அது; அந்தத் தண்டில் ஜாக்கித் தலை படவே கூடாது. ஒரு காருக்குக் கற்ற பாடம் அடுத்த காருக்கு ஆகாது என்பதால், புதிதாக வருகிற பையனுக்கு முதல் ஆறு மாதம் சுத்தி தட்டுவது மட்டும்தான் வேலை.

பிரேக் டிரம் வேலை முடிய இருட்டிவிட்டது. இறக்குவதற்கு முன் மேஸ்திரி அடியில் டார்ச் அடித்து, ஸ்பேனர், துணி, மனிதர் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். ஜாக்கியால் ஒரு விரல்கடை ஏற்றி, ஸ்டாண்டுகளை உருவி, பிறகு மெதுவாக. தரை தொட்டதும் பின்சக்கரங்கள் மடங்கியபடியே நிற்க, காரின் பின்பக்கம் தூக்கலாக இருந்தது. சொந்தக்காரர் பதறிப்போய் "என்னப்பா ஆச்சு?" என்றார். "ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்று மேஸ்திரி சிரித்தார். முட்டுக்கட்டைகளை எடுத்துவிட்டு, காரை முன்னும் பின்னுமாகச் சில அடி தள்ளியதும் சக்கரங்கள் விரிந்து, பின்பக்கம் தன் உயரத்துக்கு இறங்கியது. அதற்குப் பிறகுதான் வீல் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் முழு இறுக்கம் கொடுத்தார்கள்.

இடப்பக்கக் கையை வெட்டி ஒட்டும் டிங்கரிங் வேலைக்குத் தனியாக நாள் சொல்லியிருக்கிறார். அதுவரை வழியில் பஞ்சர் ஆனால்? பஞ்சர் கடைப் பையன் எட்டின இடத்தில் பாட்டில் ஜாக்கியைக் கொடுத்துவிடுவானே என்று நான் கேட்டது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்து, பையனை அடியில் அனுப்பி, தூக்கலாம் என்ற இடங்களில் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் போடச் சொன்னார். பழைய உருவம் மாறக் கூடாது என்கிற விதி இதையும் குறிக்குமா என்று சொந்தக்காரர் கேட்டார். அதிகாரி அடியில் படுத்துப் பார்த்தால்தானே என்றார் மேஸ்திரி.